ஆறுமுகத்துக்கு வேலை இருக்கா, மருமகனே?

மருமகனே, பழைய டரட் லேத் ஒண்ணு வாங்கப் போறியாமே! நீ சொல்லல, உங்க அத்தை கோயில்ல கேட்டுக்கிட்டு வந்து சொன்னா. நம்ம லாபு ஊர்ல ஒருத்தன் இரும்பு விலை பேசினா, லோரி கிளம்புறதுக்கு முன்னாடி சேதி நீலாய்க்குப் போய்ச் சேந்துடும். பொண்ணு பாக்கப் போறேன்னு சிரம்பான் பக்கம் போன பய, இரும்புக் கடையில மெஷின் பாத்துட்டு வந்திருக்க. பொண்ணு வீட்டுலன்னா நகை கேப்பாங்க, பரிசம் கேப்பாங்க, மெஷின் ஒண்ணும் கேக்காதுன்னு நெனச்சிட்ட போல. அதுவும் கேக்கும். என்னென்ன கேக்கும்னு சொல்றேன், அந்த ஃபோனைக் கீழ வச்சிட்டு உக்காரு.

மொதல்ல என் சந்தோஷத்தைச் சொல்லிடறேன். உன் சோட்டுப் பசங்க கடன் வாங்கிக் காரு மாத்துறானுங்க. நீ கடன் வாங்கி லேத் வாங்குறேங்குற. ரெண்டும் கடன்தான். ஆனா காரு பெட்ரோல் குடிக்கும், லேத்து சம்பாதிச்சுப் போடும். அதுக்கு வேலை குடுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் போடும், அது வேற கதை. வேலை குடுக்கத் தெரியாதவன் வீட்டுல அது துணி காயப் போடுற கொடிக்கம்பமா நிக்கும். உங்க அத்தை மாதிரி பொம்பளைங்க கையில மாட்டினா மெஷினுக்குப் பூவும் பொட்டும் வச்சு ஆயுத பூசை மட்டும் பிரமாதமா நடக்கும்.

சாதா லேத்து உனக்குத் தெரியும். சர்ட்டிபிகேட் கூட வாங்கியிருக்க, உங்கம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கா. ஒரு டூல் மாட்டு, கடை, கழட்டு, அடுத்ததை மாட்டு, மறுபடி மையம் பாரு, மறுபடி அளவு பாரு. டரட் லேத்துல அந்தப் பொழப்பு கெடையாது. டெயில்ஸ்டாக் இருக்க வேண்டிய எடத்துல ஆறு பக்கத் தலை ஒண்ணு உக்காந்திருக்கும். பக்கத்துக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு டூல். முருகனுக்கு ஆறு முகம், முகத்துக்கு ஒரு வேலைன்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல, அதே கணக்குதான். அதனால நான் அதை ஆறுமுகம்னுதான் கூப்பிடறது.

கைச்சக்கரத்தைச் சுத்தி முன்னால தள்ளினா டூல் வேலைக்குப் போகும், ஸ்டாப்ல முட்டி நிக்கும். முழுசா பின்னால இழுத்தா பூட்டு முளை விலகும், தலை 60 டிகிரி திரும்பும், 'டக்'குன்னு பூட்டிக்கும். அடுத்த முகம் எதிர்ல வந்து நிக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஸ்டாப் திருகு உண்டு. தலை திரும்பறப்போ அதுவும் கூடவே திரும்பும். குறுக்குச் சிலைடுல முன்பக்கம் நாலு டூல் பிடிக்கிற சதுரத் தலை, பின்பக்கம் தலைகீழா மாட்டின பார்ட்டிங் டூல். ஆக மொத்தம் பதினோரு எடம். கம்பியைக் கழட்டாம ஒரே பிடியில சாமான் முடிஞ்சு தட்டுல விழும். சின்ன சைசுல தலை ஒரு சிலைடு மேல ஓடும், அதைக் கேப்ஸ்டன்னு சொல்லுவோம். பெரிய சைசுல தலை சேடிலோட சேந்து பெட்டு மேலேயே நகரும், அதுதான் சுத்தமான டரட். உனக்குக் கேப்ஸ்டனே போதும். பெரிசை வாங்கி நீ கப்பலுக்கா சாமான் செய்யப் போற?

இது நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்ல. அமெரிக்காவுல கனெக்டிகட் பக்கம் ஸ்டீபன் ஃபிட்ச்னு ஒருத்தர் 1845லயே, துப்பாக்கி விசைக்குத் திருகாணி கடையுறதுக்காக இப்படி ஒரு சுத்துற தலையைச் செஞ்சாரு. ஒரே திருகாணியை ஆயிரக்கணக்குல கேட்டா மனுசன் என்ன செய்வான்? டூல் மாத்தி மாத்திக் கை ஓஞ்சு, மூளையைக் கசக்கித்தான் ஆகணும். அப்புறம் 1880ல வார்னர் அண்ட் ஸ்வேசின்னு ரெண்டு பேரு சேந்து கம்பெனி ஆரம்பிச்சு, கிளீவ்லாந்துல இந்த லேத்தை வண்டி வண்டியாச் செஞ்சாங்க. அவங்க தொலைநோக்கியும் செஞ்சவங்க. கலிபோர்னியாவுல லிக் ஆய்வகத்து 36 இஞ்சுத் தொலைநோக்கியைத் தாங்குற அமைப்பு அவங்க கைவேலை, 1888ல நின்னது. நட்சத்திரம் பாக்கக் கருவி செஞ்சவங்க செஞ்ச லேத்துல நீ தோட்டத்துல மருந்தடிக்கிற பம்புக்கு நிப்பிள் கடையப் போற. கேவலம்னு நெனைக்காத. நட்சத்திரத்தைப் பாத்து எவன் வயிறும் நெறைஞ்சதில்ல.

வெள்ளைக்காரன் ஆண்ட எடத்துல சீமை மெஷின்தான் நெறையத் திரிஞ்சுது. கோவென்ட்ரி ஊர்ல ஆல்ஃபிரட் ஹெர்பர்ட் கம்பெனி, பர்மிங்காம்ல வார்டு கம்பெனி. கோவென்ட்ரியை 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் விமானங்க வந்து பொசுக்கிச்சு. அதையும் தாங்கின ஹெர்பர்ட் கம்பெனி, கடைசியில 1983ல கடையை மூடிச்சு. குண்டுக்குத் தப்பிச்சவனைக் கணக்குப் புத்தகம் முடிச்சிடும் மருமகனே, இதை மட்டும் மனசுல வச்சுக்கோ. கம்பெனி போச்சு, மெஷின் போகல. நல்லா எண்ணெய் காட்டினவன் வீட்டுல அது இன்னும் ஓடுது. நம்ம கோயம்புத்தூர் சனங்களைப் பாரு, பம்பு, மோட்டார், கிரைண்டர்னு ஊரே இரும்புல பொழைக்குது. ஜி.டி. நாயுடு 1937லயே மின்மோட்டார் செஞ்ச ஊரு அது. அங்க மெஷினைத் தாத்தான்னு பாத்து ஒதுக்க மாட்டாங்க, சம்பாதிக்குதா இல்லையான்னுதான் பாப்பாங்க.

இப்பக் கணக்குக்கு வா. உனக்குக் கணக்குன்னா கசக்கும், தெரியும். கசந்தாலும் முழுங்கு. மருந்தடிக்கிற பம்புக்கு ஒரு பித்தளை நிப்பிள் வச்சுக்கோ. ஒரு பக்கம் கடைஞ்சு மரை வெட்டணும், நடுவுல 6 மில்லி ஓட்டை, வாயில சின்னச் சாய்வு, அவ்வளவுதான். சாதா லேத்துல ஒண்ணுக்கு 6 நிமிஷம்னு வை. 400 வேணும்னா 40 மணி நேரம், ஒரு வாரச் சம்பளம் அதுலேயே போச்சு. ஆறுமுகத்துல டூல் எல்லாம் கட்டி, ஸ்டாப் எல்லாம் வச்சு, மொதல் நல்ல சாமான் விழறதுக்கு 3 மணி நேரம் ஆகும்னு வை. அதுக்கப்புறம் ஒண்ணுக்கு 45 செகண்டு. 400 துண்டு 5 மணி நேரம். டீ குடிச்சு, டூல் தீட்டி, உன் ஃபோன்ல வர்ற வீடியோவையும் பாத்து முடிச்சாக்கூட ஒரு முழு நாள்ல வேலை முடிஞ்சுடும்.

அதே நிப்பிளை எவனாவது 10 மட்டும் கேட்டான்னு வை. சாதா லேத்துல ஒரு மணி நேரம். ஆறுமுகத்துல 3 மணி நேரம் ஜோடிச்சு, ஏழரை நிமிஷம் ஓட்டி, 'ஐயா நான் முடிச்சிட்டேன்'னு கைகட்டி நிப்ப. கூட்டிக் கழிச்சா ஏறக்குறைய 35 துண்டுக்கு மேல போனாத்தான் ஜோடிச்ச நேரம் திரும்பக் கெடைக்கும். அந்த 35ங்குற எண்ணு இந்த நிப்பிளுக்கு. உன் சாமானுக்கு என்ன எண்ணுன்னு நீயே போட்டுப் பாத்துச் செவுத்துல எழுதி வச்சுக்கோ. அதுக்குக் கீழ கேட்டு வர்றவன் உன் மச்சானா இருந்தாலும் சாதா லேத்துக்கு அனுப்பு. மச்சானா இருந்தா மொதல்ல காசை வாங்கிட்டு அனுப்பு.

"இதையெல்லாம் சிஎன்சி செய்யாதா மாமா"ன்னு நீ கேப்பேன்னு தெரியும். செய்யும். பத்தாயிரம் துண்டு ஒரே மாதிரி வேணும், வளைவு நெளிவா உருவம் வேணும்னா அங்கதான் போகணும், ஆறுமுகம் அதுகூடப் போட்டி போட முடியாது. அதை மறுக்கறவன் பொறாமைக்காரன். ஆனா சிஎன்சி வாங்க உனக்குப் பேங்க்காரன் தர்ற கடனுக்கு உன் வீட்டுப் பத்திரம், உங்கம்மா தாலி, என் கையெழுத்து மூணும் கேப்பான். என் கையெழுத்து கெடைக்காது, இப்பவே சொல்லிட்டேன். நீலாயிலயும் செனாவாங்லயும் பெரிய சிஎன்சி கடைக்காரன்கிட்ட 150 நிப்பிள் வேணும்னு ஃபோன் பண்ணிப் பாரு, விலையே சொல்லாம 'அப்புறம் கூப்புடுறேன்'ம்பான், கூப்புட மாட்டான். அவன் கூப்புடாத அந்த எடம்தான் உன்னோட பசார். ஐம்பதுக்கு மேல, சில ஆயிரத்துக்குள்ள. திரும்பத் திரும்ப அதே சாமான் வரணும். அந்தச் சந்துல ஓடினா ஆறுமுகம் ஓடுவான்.

அந்தச் சாமான் இங்க எங்க இருக்குன்னு கேளு, சொல்றேன். நீ பொறந்து வளந்த எடம்தான், ஆனா நீ குனிஞ்சு பாத்ததில்ல. ரப்பர் போயி செம்பனை வந்த காலத்துலேர்ந்து தோட்டத்துல மருந்துப் பம்பு முதுகுல தொங்காத நாளே இல்ல. நம்ம பொம்பளைங்கதான் அதைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவங்க. பாராகுவாட் மருந்தை 2020லேர்ந்து தடை பண்ணிட்டாங்க, ஆனா பம்பு போகல, வேற மருந்து வந்திடுச்சு. நல்ல பம்புல நிப்பிள், நட்டு, குழாய் மூட்டு எல்லாம் பித்தளை. அது தேயும், மரை நழுவும், ஒழுகும், மருந்து முதுகுல வழியும். ஒழுகுற பம்பைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி நிக்கிறப்போ, உன் 45 செகண்டு சாமானுக்கு எவ்வளவு மதிப்புன்னு புரியும்.

அடுத்தது எண்ணெய் மில்லு. பழக்குலையைச் சுமக்கிற கன்வேயர் சங்கிலி இருக்கே, அதுல ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பின்னு, ஒரு புஷ்ஷு. மண்ணும் சாறும் பட்டுத் தேஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு ரெண்டு மாத்த மாட்டாங்க, சங்கிலிக்குச் சங்கிலி மாத்துவாங்க. ஸ்டெரிலைசர்ல குலை வேக வைக்கிற கூண்டு வண்டிச் சக்கரத்துக்கும் புஷ்ஷு வேணும். இதெல்லாம் அலங்காரச் சாமான் இல்ல, மாசா மாசம் கேக்குற சாமான். மில்லு இன்ஜினியர்கிட்ட போயி 'வேலை இருந்தாச் சொல்லுங்க'ன்னு பல்லைக் காட்டாத. தேஞ்சு போன ஒரு பின்னை வாங்கிட்டு வா, அளவு எடு, ஒண்ணு கடைஞ்சு அவன் மேசையில வை, 'இது 300 வேணும்னா எப்ப வேணும்?'னு கேளு. அவன் பதில் சொல்லாட்டியும் பின்னைத் திருப்பித் தர மாட்டான். அங்கதான் உன் வியாபாரம் ஆரம்பிக்குது.

சரி, மெஷின் பாக்கப் போறப்போ என்ன பாக்கணும்? பெயிண்டைப் பாக்காத. புதுப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருந்தா ரெண்டு மடங்கு சந்தேகப்படு. டயல் கேஜ் ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஸ்பிண்டில்ல அதைக் கட்டி, தலையோட ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் முள்ளை விட்டுக் கையால சுத்து. ஓட்டையும் ஸ்பிண்டிலும் ஒரே மையத்துல நிக்கணும். ஆறும் ஒரே அளவுக்கு ஒரே பக்கம் விலகினா ஹெட்டும் சிலைடும் நேர் பிசகியிருக்கு, சரி பண்ணலாம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் விலகினா பூட்டு முளையும் தலைக் குடமும் தேஞ்சிருக்கு. அந்த மெஷினை அங்கேயே விட்டுட்டு, கடைக்காரன் பையன் நல்லாப் படிக்கிறானான்னு விசாரிச்சுட்டு வந்திடு. அடுத்து, தலையைப் பூட்டி ஒரு மரக்கட்டையால முட்டுக் குடுத்துத் தள்ளு, முள்ளு ஆடினா எவ்வளவு ஆடுதுன்னு பாரு. ஒரு நாள்ல இதை ரெண்டு தடவ செய். கடைக்காரன் டீ வாங்கித் தருவான், குடி, அதுல மயங்கிடாத.

ஸ்டாப் திருகு ஆறும் இருக்கான்னு எண்ணு. பாதி மெஷின்ல நாலுதான் இருக்கும். ஹெட்டுல எல்லா வேகத்தையும் ஓட்டிப் பாரு, கிளட்ச் நழுவுதான்னு கேளு. டயல் எல்லாம் இஞ்சுல இருக்கும், அதுக்குப் பயப்படாத. ஒரு இஞ்சு 25.4 மில்லி, அது அப்பவும் அவ்வளவுதான், இப்பவும் அவ்வளவுதான். ஆனா கம்பியைப் பிடிக்கிற கோலெட்டும் இஞ்சுலதான் வரும். நீ மில்லி சைசுக் கம்பி வாங்கிட்டு வந்து கோலெட்டுக்குள்ள துணி சுத்தி மாட்டினா, நான் உன்னை மருமகன்னு வெளிய சொல்ல மாட்டேன்.

இப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கோ. மெஷின் விலையைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தியே, அது அரை விலை. மீதி அரை டூல்ல இருக்கு. கடைக்காரன் 'மெஷின் மட்டும்'னு சொன்னா ஆறுமுகம் வெறுங்கையோட வர்றான்னு அர்த்தம். டை ஹெட், ரோலர் பாக்ஸ், டிரில் பிடிக்கிற ஹோல்டர், கோலெட்டுங்க, பார்ட்டிங் டூல் ஹோல்டர், இதெல்லாம் எங்கயாவது ஒரு மூலையில தகரப் பெட்டியில கெடக்கும். இரும்புக் கடைக்காரனுக்கு அது கிலோக் கணக்கு. உனக்கு அதுதான் மெஷினே. பெட்டியைக் கேளு, 'அந்தக் குப்பையும் சேத்துத் தர்றீங்களா'ன்னு அலட்சியமாக் கேளு. ஆசையைக் கண்ணுல காட்டினா குப்பைக்கு விலை வந்திடும்.

டை ஹெட்டைப் பத்தி ஒரு வார்த்தை. மரை வெட்டி முடிஞ்சதும் அது தானா வாயைத் திறந்துக்கும், பின்னால இழுத்துக்கலாம், ஸ்பிண்டிலைத் திருப்பி ஓட்ட வேண்டாம். நேரம் மிச்சமாறதே அங்கதான். உள்ள மரை வெட்டற சேசர் நாலு இருக்கும், 1, 2, 3, 4ன்னு எண் போட்டிருக்கும், வாயிலயும் எண் இருக்கும். எண்ணைப் பாத்து மாட்டணும், ஒரு செட்டை இன்னொரு செட்டோட கலக்கக் கூடாது. மாத்தி மாட்டினா மரை வராது, வெறும் கீறல்தான் வரும். மரை வெட்டறப்போ வேக லீவரைக் கீழ தட்டு. பித்தளையைக் கடையறப்போ ஏத்து. 19 மில்லி பித்தளைக் கம்பிக்கு நிமிஷத்துக்கு 1,000 சுத்து விட்டா வெட்டு வேகம் 60 மீட்டர் வரும், எச்எஸ்எஸ் டூல் தாங்கும். அதே கனத்துல மைல்டு ஸ்டீல்னா பாதியாக் குறை. இதை மறந்தா டூல் உனக்கு நீல நெறத்துல ஞாபகப்படுத்தும்.

ஜோடிக்கிற முறையை ஒருக்காச் சொல்றேன், எழுதிக்கோ. மொதல் முகத்துல ஸ்டாப் கட்டை: கோலெட்டைத் தளர்த்திக் கம்பியை அதுல முட்ட விட்டு இறுக்கு. ரெண்டாவது முகத்துல பாக்ஸ் டூல், வெளி விட்டத்தைக் கடைய. பித்தளைக்கு வி மாதிரித் தாங்கி வச்ச பாக்ஸ், ஸ்டீலுக்கு ரோலர் வச்சது. பித்தளைத் தூளு ரோலருக்கு அடியில போச்சுன்னா சாமான் மேல கோலம் போட்டுடும். மூணாவது முகத்துல மையம் குத்தற டிரில்லு. நாலாவதுல 6 மில்லி டிரில்லு. அஞ்சாவதுல டை ஹெட். ஆறாவது சும்மா இருக்கட்டும், எல்லாத்தையும் நெரப்பணும்னு சாமி வேண்டுதல் ஒண்ணும் கெடையாது. முன்பக்கச் சதுரத் தலையில சாய்வு வெட்டற டூல், பின்பக்கம் பார்ட்டிங் டூல். மொதல் அஞ்சு சாமானை அளந்து பாரு. அப்புறம் இருபதுக்கு ஒண்ணு அளந்துக்கிட்டே இரு. மெஷின் சூடு ஏற ஏற அளவு கொஞ்சம் நகரும். காலையில வச்ச அளவுக்கு மத்தியானம் சத்தியம் பண்ணாத.

அடுத்தது உயிரைப் பத்தி, சிரிக்காமக் கேளு. பின்னால ஹெட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கிற கம்பிதான் ஆபத்து. சும்மா ஆடாம இருக்கேன்னு நெனைப்ப. 1,000 சுத்துல தாங்கல் இல்லாம ஓடினா, ஒரு நொடியில வளைஞ்சு செவுத்தைக் கிழிக்கும், அங்க நிக்கிற ஆளையும் கிழிக்கும். அதுக்குக் குழாய் போட்டுத் தாங்கணும், கம்பி முழுக்க மூடணும். கையில கட்டின தைப்பூசக் காப்புக் கயிறு, மோதிரம், கையுறை, கைலி நாலும் மெஷின் கிட்ட வரக்கூடாது. காப்பை அவுக்க மனசு வரலன்னா விரதம் முடியுற வரைக்கும் லீவு போடு, முருகனே கோவிக்க மாட்டான். பித்தளைத் தூளை வாயால ஊதாத, காத்துக் குழாயாலயும் அடிக்காத, கண்ணுக்குள்ள போயிடும். தூரிகை ஒண்ணு ரெண்டு வெள்ளிதான்.

கரண்டைப் பத்தியும் கேளு. இந்த மெஷினுக்கு மூணு ஃபேஸ் கரண்டு. தாமான் வீட்டுக்கு வர்றது ஒரு ஃபேஸ். இன்வர்ட்டர் வச்சு ஓட்டலாம், சின்ன மோட்டாருக்குச் சரிவரும். ஆனா மோட்டார்ல இருக்கிற தகட்டைப் படி: ரெண்டு வோல்ட்டேஜ் எழுதி டெல்டா கட்ட முடியும்னா பொழைச்ச. ஒரே வோல்ட்டேஜ்தான்னா மோட்டாரையே மாத்தணும். எதையும் படிக்காம இன்வர்ட்டர் வாங்கிட்டு, மோட்டார் முனகுது மாமான்னு ராத்திரி ஃபோன் பண்ணாத, எடுக்க மாட்டேன். வீட்டுப் பின்கட்டுல வச்சு ஓட்டலாம்னு ஒரு யோசனை வேற உனக்கு இருக்கும். சிரம்பான் 2020லயே மாநகரமாயிடுச்சு தம்பி, அக்கம்பக்கத்து ஆளு சத்தம்னு ஒரு கடிதாசி போட்டா லைசன்ஸ் எங்கன்னு வந்து நிப்பாங்க. தொழில் பேட்டையில சின்னக் கடை ஒண்ணு பங்குக்கு எடு, தரை கனம் தாங்குமான்னும் கேளு. மெஷின் டன் கணக்குல எடை. மரத் தரையில வச்சா நீ மட்டும் மேல நிப்ப.

எண்ணெய்ச் சமாச்சாரம். கட்டிங் ஆயிலைக் கலந்து ஊத்தி ரெண்டு வாரம் அப்படியே விட்டா நம்ம வெயிலுக்கு அது நாறும். வேலை முடிஞ்சதும் பெட்டைத் துடைச்சு எண்ணெய் தடவு. லாபுல மழை அடிச்ச மறுநாள் காலையில இரும்புக்குச் செவந்த தாடி மொளைக்கும். வீட்டுல செம்பனை எண்ணெய் நெறைய இருக்கேன்னு அதை எடுத்து ஊத்திடாத. கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு பசையாகி வழியடைச்சுடும். அந்த எண்ணெயை அத்தைகிட்ட குடு, பலகாரம் வரும், அதைத் தின்னுட்டு மெஷினுக்கு மெஷின் எண்ணெய் போடு.

நீ இந்த மண்ணுல எதைக் கண்டு ஏமாந்து போவன்னு எனக்குத் தெரியும், அதையும் சொல்லிடறேன். 2009 ஜனவரியில லாபுல ஏர்போர்ட் வருதுன்னாங்க. ஏர்ஏசியாவும் சைம் டார்பியும் சேந்து கட்டப் போறாங்க, மலிவு விமானம் எல்லாம் இங்கதான் இறங்கும்னு அறிவிப்பு வந்துச்சு. சில வாரத்துலேயே அது போச்சு, அந்த முனையம் சிப்பாங்லயே கேஎல்ஐஏ2ன்னு 2014 மே மாசம் திறந்துச்சு. லாபுல விமானம் இறங்கல, செம்பனைப் பழம் மட்டும் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. பெரிய திட்டம் வரும், நகரம் வரும், ஆர்டர் தானா வரும்னு மெஷின் வாங்கி வச்சுக் காத்திருக்காத. வரப்போற நகரத்துக்கு வாடகை யாரு குடுக்கிறது? இப்ப இருக்கிற பம்புக்கும் மில்லுக்கும் சாமான் செய். வந்தா வரட்டும்.

ஓட்டத் தெரிஞ்ச ஆளைப் பத்தி ஒரு யோசனை. ஜோடிக்கிறவன் வேற, ஓட்டறவன் வேற. ஜோடிக்கிறதுல மூளை, ஓட்டறதுல பொறுமை. ரெண்டும் உன்கிட்ட இல்லன்னு உங்கம்மா சொல்லுவா, நான் அவ்வளவு கடுமையாச் சொல்ல மாட்டேன். மூளை இருக்கு, பொறுமையை வாங்கிக்கலாம். தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்து ஓய்வு வாங்கின கிழங்க இன்னும் இருக்கு, சாயங்காலம் கடைத்தெருவுல தேத்தண்ணிக் கடையில உக்காந்து அரசியல் பேசுதுங்க. அதுல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து ஒரு மாசம் உக்கார வை. மெஷினைக் கேட்டா எங்க சத்தம் மாறுதுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக் காது போனதுக்கப்புறம் எந்தக் கடையிலயும் கெடைக்காது. சம்பளம் கேட்டா பேரம் பேசாத. வாய் கொஞ்சம் அதிகம் பேசுவாங்க, அதுக்குத் தனியாக் காசு கேக்க மாட்டாங்க.

விலையைப் பத்திக் கடைசியா. மெஷின், டூல் பெட்டி, லோரி, கரண்டு வேலை, தரை, மொதல் மாசம் பாழாற பித்தளை, எல்லாத்தையும் கூட்டி எழுது. அதுக்குப் பக்கத்துல கையில இருக்கிற ஆர்டரை எழுது. 'வரும்'னு நெனைக்கிறதை எழுதாத, சீட்டு கையில இருக்கிறதை மட்டும் எழுது. ஆர்டர்ல வர்ற லாபத்துல ரெண்டு வருசத்துக்குள்ள மொதல் திரும்பினா வாங்கு. திரும்பாதுன்னா வேண்டாம்னு சொல்லு. பழைய டரட் லேத்து மலிவுதான், கட்டுறவன் நேரம் மலிவில்ல.

ஆக என் தீர்ப்பு இதுதான். ஒரே சாமானை ஐம்பது, நூறு, ஐந்நூறுன்னு திரும்பத் திரும்பக் கேக்கிற ரெண்டு வாடிக்கைக்காரன் உன் கையில இருந்தா, தகரப் பெட்டியும் கூட வந்தா, பூட்டு முளை தேயாம இருந்தா, நாளைக்கே வாங்கு. கட்டுறதுக்கு நானே வந்து நிப்பேன், கூலி அத்தைகிட்ட பேசிக்கலாம். அந்த மூணுல ஒண்ணு இல்லன்னாலும் ஃபோனை எடுத்துக் கடைக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடு. ரெண்டும் செய்ய மாட்டேன்னு அடம் பிடிச்சா, பழைய இரும்பு எடுக்கிற பெசி புரோக்காரன் நம்பர் என்கிட்ட இருக்கு, ரெண்டு வருசம் கழிச்சு நானே தர்றேன்.